தொண்ணூற்றிரண்டா? தொண்ணூற்றைந்தா?

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, அட்டாளைச்சேனையைக் கடந்து பாலமுனையை அடைகின்றது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே மேடு பள்ளமில்லாத தட்டையான சாலை. மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் நெல் மூடைகளை ஏற்றிய உழவு இயந்திரங்களும் செல்லும் அச்சாலையில், எப்போதாவது தாழ்ந்த கூரையும் அகன்ற டயர்களும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறுமிக்கொண்டு போகும். சிறுவர்கள் நின்று பார்ப்பர். பெரியவர்களோ, "இது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று கேட்பர். இரண்டும் நியாயமானவையே.

அக்கேள்வியைத் தொடர்ந்து இன்னொரு விவாதம் தவறாமல் எழும். "காக்கா, தொண்ணூற்றஞ்சு அடிச்சிப் பாருங்க, கார் பறக்கும், எண்ணெயும் குறையக் குடிக்கும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் வீண் செலவு தம்பி, ரெண்டும் ஒரே எண்ணெய்தான்" என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பாதி தவறும் உண்டு. இலங்கையின் பெற்றோல் நிலையங்களில் 92 என்றும் 95 என்றும் எழுதப்பட்டிருக்கும் அவ்விரு எண்களின் பொருள் என்ன? விலை கூடிய பெற்றோலை வாங்குவதால் யாருக்கு நன்மை? யாருக்கு நட்டம்? மாணவர்களும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

எரிவதும் வெடிப்பதும்

பெற்றோல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே செல்கின்றது. பிஸ்டன் மேலெழுந்து அதனை அமுக்குகின்றது. பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கினால், அந்த இயந்திரத்தின் அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்கிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சூடாவதை எல்லோரும் கண்டிருப்போம். அதுபோலவே அமுக்கப்பட்ட கலவையும் சூடேறுகின்றது. அத்தருணத்தில் பிளக் ஒரு தீப்பொறியை இடுகின்றது. அப்பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. வண்டி ஓடுகின்றது.

ஆனால், தீ பரவி வருவதற்குள் ஒரு மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, சூட்டையும் அழுத்தத்தையும் பொறுக்கமாட்டாமல் தானாகவே வெடித்துவிடுவதும் உண்டு. அப்போது உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். கராஜ்களில் இதனை 'நொக்கிங்' என்பர்; நாம் தட்டல் எனலாம். இலேசான தட்டலால் உடனே பெருங்கேடு விளைவதில்லை. பலமான தட்டல் நீடிக்குமாயின் பிஸ்டன் சிதையும்; இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் நாள் வந்துவிடும்.

ஒக்டேன் எண் என்பது இத்தட்டலைத் தாங்கும் பொறுமையின் அளவே. அது பெற்றோலின் பலத்தை அளக்கும் எண் அன்று. 92 ஆயினும் 95 ஆயினும் ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 32 மெகாஜூல். எண் கூடக் கூடப் பெற்றோல் 'காரம்' கூடுகின்றது என்று நினைப்பது பிழை. எண் கூடினால் அது எளிதில் கோபம் கொள்ளாது என்பதே பொருள்.

எண் பிறந்த கதை

முதலாம் உலகப் போரின் காலத்தில் இங்கிலாந்தின் பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ இத்தட்டலை ஆராய்ந்து, குற்றம் இயந்திரத்தில் மட்டுமன்று, எரிபொருளிலும் உண்டு என்று காட்டினார். பின்னர் அமெரிக்க இரசாயன அறிஞர் கிரஹம் எட்கர் 1920களில் இதற்கோர் அளவுகோலை வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ-ஒக்டேன் என்னும் திரவத்துக்கு 100 என்றும், உடனே தட்டும் ஹெப்டேனுக்குப் பூச்சியம் என்றும் மதிப்பளித்தார். 95 பங்கு ஐசோ-ஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெற்றோலே 95 ஒக்டேன் பெற்றோல். அமுக்க விகிதத்தை மாற்றத்தக்க ஒரு சோதனை இயந்திரத்தில் இந்த ஒப்பீடு செய்யப்படுகின்றது.

நாட்டுக்கு நாடு எண்ணை எழுதும் முறை வேறுபடும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 91, 95, 98 என்று எழுதியிருப்பது நமது அளவுகோலின்படிதான். அமெரிக்காவில் எழுதும் 87 வேறு கணக்கு. அது நமது 92க்கு ஏறக்குறைய இணையானது. அமெரிக்கச் சந்தைக்காக அச்சிட்ட கையேட்டைப் படித்துவிட்டு, "எண்பத்தேழே போதுமாம்" என்று மகிழ்வோர் இதை மறந்துவிடலாகாது.

இந்த எண்ணை உயர்த்துவதற்கு மனிதகுலம் கொடுத்த விலையும் சிறிதன்று. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தொமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குகின்றது என்று கண்டார். உலகெங்கும் பெற்றோலில் ஈயம் புகுந்தது, புகையோடு வெளியேறியது, குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து அவர்களது மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இலங்கை 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. மோட்டார் வாகனங்களுக்கு அதனை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில்தான் நிறுத்தியது. இன்று ஈயமின்றி, சுத்திகரிப்பு முறைகளாலும் வேறு கலவைகளாலும் எண் உயர்த்தப்படுகின்றது. அந்த வேலைக்கான செலவே 95இன் கூடிய விலைக்கு ஒரு காரணம்.

தோணியும் காரும்

பொறுமை எல்லா இயந்திரத்துக்கும் ஒரே அளவில் தேவையா? பாலமுனையின் கரைக்குச் சென்றாலே விடை கிடைக்கும். நமது கரையோரத்தில் சிறு படகுகளைத் தள்ளும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. ஆயினும் அந்த இயந்திரம் தட்டுவதில்லை. ஏனெனில் குறைவாக அமுக்குமாறே அதனை அமைத்திருக்கிறார்கள். அதற்கு 95 ஊற்றினால் படகு கூடுதல் வேகம் பெறாது. மீனும் கூடுதலாக விழாது.

ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு மறுகோடியில் நிற்பது. சிறிய இயந்திரத்திலிருந்து பெரிய பலத்தைப் பெறுவதே அதன் நோக்கம். ஆகையால் அதன் அமுக்க விகிதம் உயர்ந்திருக்கும். அல்லது டர்போ என்னும் விசிறி காற்றை நெருக்கி உள்ளே அனுப்பும். சூடும் அழுத்தமும் மிகும். பொறுமை மிகுந்த பெற்றோல் அதற்கு ஆடம்பரமன்று, அவசியம்.

இரண்டாம் உலகப் போர் இதற்குச் சிறந்த சான்று. 1940ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்கள் 87 ஒக்டேனிலிருந்து 100 ஒக்டேனுக்கு மாறின. அவற்றின் பலம் பெருமளவு உயர்ந்தது. எப்படி? எண்ணெயை மாற்றியதால் மட்டுமன்று. அந்த எண்ணெய் தாங்கும் என்ற துணிவில், இயந்திரத்துக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தலிலிருந்து 12 இறாத்தலுக்கு உயர்த்தினர். பலம் அதனால் வந்தது. இயந்திரத்தை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றியிருந்தால் பெற்ற பயன் சொற்பமே. 92 போதுமென்று அமைத்த காருக்கு 95 ஊற்றுபவர் செய்வதும் அதுவே.

கார் என்ன கேட்கின்றது?

ஆகவே கேட்க வேண்டியவர் அயலவர் அல்லர், கார்தான். எண்ணெய் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ அது தன் தேவையைச் சொல்லியிருக்கும். நமது சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானியத் தயாரிப்புகள். ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு அந்நாட்டுத் தரநிர்ணயம் விதித்துள்ள குறைந்த எண் 89. உயர்தரப் பெற்றோலுக்கு 96. ஆகையால் 'சாதாரண பெற்றோல்' என்று குறித்த ஜப்பானியக் காருக்கு நமது 92 தாராளமாகப் போதும். 'உயர்தரப் பெற்றோல்' என்று குறித்த காருக்கு 95 வேண்டும்.

அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியன்று. ரொயோட்டா அக்குவா கலப்பினக் காரின் விகிதம் 13.4, பல ஸ்போர்ட்ஸ் கார்களைக் காட்டிலும் உயர்ந்தது. எனினும் அது சாதாரண பெற்றோலில் ஓடுவது. அதன் வால்வு தாமதித்து மூடுவதால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறுகின்றது. உண்மையில் அமுக்கப்படுவது குறைவே. ஆக, கணக்குப் பார்த்துக் குழம்புவதை விடக் கையேட்டை நம்புவது மேல்.

உயர்தரம் கேட்கும் காருக்கு 92 ஊற்றினால் என்ன ஆகும்? தற்காலக் கார்களில் தட்டலை உணரும் கருவி ஒன்று இயந்திரத்தின் உடலில் பொருத்தப்பட்டிருக்கும். தட்டல் தொடங்கியதும் அது செய்தி அனுப்ப, மின்னணுக் கட்டுப்பாடு தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கச் செய்யும். இயந்திரம் தப்பும், ஆனால் பலம் குறையும், எண்ணெய்ச் செலவு சிறிது கூடும். அக்கருவி இல்லாத பழைய கார்களில் உரிமையாளரின் செவிதான் கருவி. ஏற்றத்தில் தட்டல் கேட்டால் காலைத் தளர்த்த வேண்டும். அடுத்த முறை 95 ஊற்ற வேண்டும். விலை மலிவென்று மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலை எவரேனும் தந்தால், அதனை ஸ்போர்ட்ஸ் காரின் பக்கமே கொண்டுசெல்லலாகாது.

இடமும் காலமும் கூட இதில் பங்கு கொள்கின்றன. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் நடைபெறும் நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சுமார் ஐந்திலொரு பங்கு குறைவு, குளிரும் மிகுதி. மெல்லிய காற்றை அமுக்கும் இயந்திரத்துக்குத் தட்டும் அபாயமும் குறைவு. பாலமுனையோ கடல் மட்டத்தில் உள்ளது, காற்றுச் செறிவானது, நண்பகல் வெயில் கடுமையானது. டர்போ இல்லாத அதே கார், அதே பெற்றோலில், நுவரெலியாவில் ஓசையின்றி ஓடி, இங்கே தட்டலாம். பந்தயக்காரர் அங்கே சொன்ன யோசனை இங்கே பொருந்தாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தின் கணக்கு

இனி, "95 ஊற்றினால் எண்ணெய் குறையக் குடிக்கும்" என்னும் வாதத்தை எடைபோடுவோம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைந்த விலையால் வகுத்தால், 95 எத்தனை வீதம் கூடுதல் தூரம் தர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2021 டிசம்பரில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் லீற்றர் 177 ரூபா; 95 ஒக்டேன் 207 ரூபா. வித்தியாசம் 17 வீதம். 2022 மே 24இல் முறையே 420, 450 ரூபா. வித்தியாசம் 7 வீதம். அதே ஆண்டு ஜூன் 26இல் 470, 550 ரூபா. மீண்டும் 17 வீதம். 92இல் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், அந்த ஜூன் விலையில் 95க்குச் செலவிட்ட பணத்தை மீட்க வேண்டுமானால் 14 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும்.

ஓடுமா? அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2017இல் இதனைச் சோதித்தது. உயர்தரப் பெற்றோலைத் தயாரிப்பாளர் கட்டாயமாக்காமல் சிபாரிசு மட்டும் செய்த கார்களைத் தேர்ந்தது. போர்ட் மஸ்டாங், மஸ்தா எம்.எக்ஸ்-5 ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களும் அவற்றுள் இருந்தன. உயர்தரப் பெற்றோலால் எண்ணெய்ச் சிக்கனம் சராசரி 2.7 வீதமே உயர்ந்தது, பலம் 1.4 வீதமே உயர்ந்தது. அங்கே ஒப்பிட்ட இரு பெற்றோல்களின் இடைவெளி நமது மூன்று எண் இடைவெளியினும் பெரியது. சாதாரண பெற்றோல் போதுமென்ற கார்களைக் கொண்டு முந்திய ஆண்டில் நடத்திய சோதனையிலோ குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை.

முடிவு தெளிவானது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக 95 வாங்குபவர் ஏமாறுகின்றார். 95 கட்டாயம் என்று தயாரிப்பாளர் சொன்ன காருக்கு, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக 92 வாங்குபவரும் ஏமாறுகின்றார். முன்னவர் ரூபாவை இழக்கின்றார். பின்னவர் இயந்திரத்தையே இழக்கக்கூடும். 2020 மார்ச்சில் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஐந்தாண்டு காலம் இருந்த காரையே பேணிக் காத்த நமக்கு, இயந்திரத்தின் அருமையை வேறெவரும் சொல்லத் தேவையில்லை.

சிக்கனம் எங்கே இருக்கின்றது?

அப்படியாயின் உண்மையான சிக்கனம் எங்கே? பம்பின் குழாயில் அன்று. ஓட்டுபவரின் வலது காலில்.

கார் வேகமாகச் செல்லும்போது காற்று எதிர்த்துத் தள்ளுகின்றது. இந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. மணிக்கு 60 கிலோமீற்றரில் இருந்த எதிர்ப்பு, 90 கிலோமீற்றரில் இரண்டேகால் மடங்காகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான். எதிர்ப்போ இரண்டேகால் மடங்கு. மேலும், சடுதியாக வேகமெடுத்துச் சடுதியாக பிரேக் பிடிப்பவர், எண்ணெய் எரித்துப் பெற்ற வேகத்தை பிரேக்கில் சூடாக்கி வீணடிக்கின்றார். இத்தகைய ஓட்டம் நெடுஞ்சாலையில் எண்ணெய்ச் சிக்கனத்தை 15 முதல் 30 வீதம் வரை குறைத்துவிடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தரும் கணக்கு. இந்த நட்டத்தின் முன் 2.7 வீதம் எம்மாத்திரம்!

மற்றவை சிறியவை; ஆயினும் சேர்ந்தால் பெரியவை. டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொள்ளுதல், தேவையற்ற பாரத்தை இறக்கிவைத்தல், காற்று வடிகட்டியைக் கடற்கரை மணல் அடைக்கவிடாமல் சுத்தம் செய்தல், நிறுத்தி உரையாடும்போது இயந்திரத்தையும் நிறுத்துதல் ஆகிய இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

வேகத்தின் வர்க்கம் இன்னோர் இடத்திலும் தோன்றும். ஓடும் காரை நிறுத்த அழிக்க வேண்டிய சக்தியும் அதே விதிப்படிதான் கூடுகின்றது. 60இல் பிரேக் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் தூரம், 90இல் இரண்டேகால் மடங்காக நீளும். பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊரும் ஊரும் கைகோத்து நிற்கும் இச்சாலையின் ஓரத்தில் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் சந்தைகளும் உள்ளன. பாடசாலை விட்டு வரும் பிள்ளை, காரின் ஒக்டேன் எண்ணை அறிந்து சாலையைக் கடப்பதில்லை. எண்ணெயை மிச்சப்படுத்தும் நிதானமும் அப்பிள்ளையின் உயிரைக் காக்கும் நிதானமும் ஒன்றே.

இருபது லீற்றரின் பாடம்

2022ஆம் ஆண்டை நமது குடும்பங்கள் எளிதில் மறவா. அந்நியச் செலாவணி வறண்டது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசைகள் நீண்டன. அந்த ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை அறிமுகமானபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காருக்கும் சாதாரண காருக்கும் அப்பங்கீட்டில் பேதம் இருக்கவில்லை.

அந்த 20 லீற்றரைக் கொண்டு, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என நிதானமாக ஓட்டியவர் 240 கிலோமீற்றர் சென்றிருப்பார். அதே காரை ஆவேசமாக ஓட்டி 9 கிலோமீற்றருக்கு இறக்கியவர் 180 கிலோமீற்றரில் நின்றிருப்பார். அறுபது கிலோமீற்றர் வித்தியாசம்! பாலமுனையிலிருந்து கல்முனைக்கு நோயாளியை அழைத்துச் சென்று திரும்பி, அதன் பின்னும் எஞ்சியிருக்கும் தூரம் அது. எந்த ஒக்டேன் எண்ணாலும் அந்த அறுபதைத் தர முடியாது.

1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1969இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் அங்கே சுத்திகரிக்கும் மசகு எண்ணெய் முழுவதும் கடல் கடந்தே வருகின்றது. தேயிலை கொய்தும் ஆடை தைத்தும் பாலைவன வெயிலில் உழைத்தும் நம்மவர் தேடித் தரும் செலாவணியே அதற்கு விலையாகின்றது. ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பது குற்றமன்று. அழகிய இயந்திரத்தை நேசிப்பதும் குற்றமன்று. அதற்கு வேண்டிய பெற்றோலை, வேண்டிய அளவில், மனமறிந்து ஊற்றுங்கள். வேண்டாததை ஊற்றிப் பெருமை தேடாதீர்கள். பொறுமையைக் குறிக்கும் எண்ணைக் கொண்ட எண்ணெயை வாங்குபவர், அப்பொறுமையில் சிறிதளவைச் சாலையிலும் காட்டுவாராயின், அவரது பணப்பையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.